டெஸ்டர் எரிந்தது, மோட்டார் நின்றது

மன்னார்குடி பக்கம் எங்கள் வயல். குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் விடும் நேரம் பார்த்து, 7.5 குதிரைத்திறன் போர் மோட்டார் கொஞ்சம் ஓடியதும் ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) தட்டி நின்றுவிடும். டெஸ்டர் மூன்று பேஸிலும் பளிச்சென்று எரிந்தது. மோட்டார் ஓடாதபோது மீட்டரும் பேஸுக்குப் பேஸ் 410 வோல்ட் காட்டியது.

“லைன்ல குறையே இல்ல மாப்ள, காயில்தான் போயிருக்கும்” என்றார் பக்கத்து வயல் மாமா. போரிலிருந்து மோட்டாரைத் தூக்குவதென்றால் சும்மாவா?

வோல்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். தண்ணீர் ஓடும்போது மடைக்கு இருபுறமும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அடைப்பில்லை, அதே கணக்குத்தான். டெஸ்டர் இழுப்பது மிகச் சொற்ப மின்னோட்டம், அதில் அடைப்பு தெரியாது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, மோட்டார் ஓடும்போதே ஒவ்வொரு பியூஸ் கேரியரின் (பியூஸ் கம்பியைத் தாங்கும் கட்டை) மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே அளக்கவைத்தேன். இரண்டில் கிட்டத்தட்ட பூஜ்யம். மூன்றாவதில் 25 வோல்ட்! 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு இடத்திலேயே 250 வாட் சூடு. அந்த பேஸில் வோல்ட் குறைந்ததால் மற்ற பேஸ்களில் மின்னோட்டம் கூடியது, அதனால்தான் ரிலே தட்டியது. திருகு தளர்ந்து, செம்பு கருத்து, இன்சுலேஷன் உருகியிருந்தது.

மெயினை அணைத்து, கருகிய முனையை வெட்டி, புதுக் கேரியர் மாட்டி இறுக்கினார். இப்போது அங்கேயும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான், ரிலே தட்டுவதில்லை.