வெயில் தாங்கும் கறவை மாடு: மலைநாட்டில் யாருக்குத் தேவை, எப்படித் தொடங்குவது?

பங்குனி, சித்திரை வெயிலில் பால் குறைந்துவிட்டால் நம் ஆட்கள் உடனே கேட்பது, "வெயில் தாங்கும் அந்தச் சாகிவால் இன மாடு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். மாட்டைத் தேடிப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. மலைநாடு என்று பொதுவாகச் சொன்னாலும், வருடச் சராசரி 16 பாகை செல்சியஸ் இருக்கும் நுவரெலியாவும், பங்குனியில் பகல் வெயில் 30 பாகையைத் தாண்டும் கண்டியும் மாட்டுக்கு வேறு வேறு உலகம். நுவரெலியா, அம்பேவளை பக்கம் இருப்பவர்கள் குளிர்நாட்டுக் கறவை இனங்களான பிரீசியனையும் அயர்சயரையும் விட்டுவிட்டு சாகிவாலுக்குப் போவதில் அர்த்தமே இல்லை. கண்டி, மாத்தளை, பதுளைப் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. பண்டாரவளை உயரத்தில் இருப்பவர்கள் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 1: கொட்டிலுக்குள் அளந்து பாருங்கள்

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்னக் கருவி ஒன்றை மாட்டின் முதுகு உயரத்தில் தொங்கவிட்டு, பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள். அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. வெப்பத்தை 0.8ஆல் பெருக்குங்கள். அதே வெப்பத்திலிருந்து 14.4ஐக் கழித்து, வருவதை ஈரப்பதத்தால் பெருக்குங்கள் (75 சதவீதம் என்றால் 0.75). இரண்டையும் கூட்டி, அதோடு 46.4 சேருங்கள்.

28 பாகை, 75 சதவீதம் என்றால் விடை 79. 20 பாகை, 80 சதவீதம் என்றால் 67. விடை 72ஐத் தாண்டினால் நன்றாகக் கறக்கும் பிரீசியன் மாட்டுக்குச் சிரமம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம் என்பதை மறக்காதீர்கள். ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும்போது 23 பாகையிலேயே 72 வந்துவிடும். "இங்கே குளிர்தானே" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாடு தவித்துக்கொண்டிருக்கலாம்.

படி 2: மூச்சை எண்ணுங்கள்

கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மாடே சொல்லிவிடும். மாடு அமைதியாக நிற்கும்போது பின்பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று, விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள குழியைப் பாருங்கள். அது ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால் வெப்பம் மாட்டை வாட்டுகிறது. வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, எச்சில் ஒழுக மூச்சு வாங்கினால் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

படி 3: முதலில் கூரை, பிறகு இனம்

தோட்டத்து லய வீடுகளை ஒட்டிய கொட்டில்கள் பலவற்றில் தகரம் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. அந்தத் தகரத்துக்குக் கீழே எந்த இன மாட்டைக் கட்டினாலும் அது வேகத்தான் செய்யும். தகரத்தின் மேல் மானாப்புல்லைத் தடிப்பாகப் பரப்புங்கள். வெயில் விழும் பக்கத்தை மறைத்து, காற்று வரும் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் நாள் முழுக்க மாட்டின் முன்னாலேயே இருக்கட்டும். கறவை மாடு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 60 லீட்டருக்கு மேல் குடிக்கும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்பது எந்த மூலைக்கும் காணாது.

தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு கிளம்பும். அதனால் புல்லில் பெரும்பங்கை மாலையிலும் விடியற்காலையிலும் போடுங்கள். முற்றிய சீஓ-3 தீவனப் புல்லைவிட இளம் புல் நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் மூச்சு 60க்குக் கீழே வரவில்லையா? சரி, இப்போது இனத்தைப் பற்றிப் பேசலாம்.

படி 4: சாகிவாலைத் தெரிந்துகொள்ளுங்கள்

பஞ்சாப்பின் வறண்ட சமவெளி மாடு இது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் சாகிவால் மாவட்டத்தின் பெயர்தான் இதற்கும். செம்பழுப்பு நிறம், தொளதொளத்த தோல், கழுத்தின் கீழே நீளமாகத் தொங்கும் அலைதாடி, குட்டையான வழுவழுப்பு மயிர். நன்றாக வியர்க்கும், உடம்பில் உண்டாகும் சூடும் குறைவு. உண்ணித் தொல்லையையும் பிரீசியனைவிட நன்றாகத் தாங்கும். பாலில் கொழுப்பு அதிகம். நம் நாட்டில் கொழுப்பையும் பார்த்துத்தான் பாலுக்கு விலை போடுகிறார்கள் என்பதால் அது சின்ன விஷயமில்லை.

விற்பவர் சொல்லாமல் விடும் பக்கமும் உண்டு. தூய சாகிவாலில் பால் குறைவு. கிடேரி முதல் கன்று போட மூன்று வயதுக்கு மேலாகிவிடும். கன்றை விட்டு ஊட்டாமல் பால் இறக்க மறுக்கும் மாடுகள் நிறைய. விடியற்காலை கறந்துவிட்டுக் கொழுந்து பறிக்க ஓட வேண்டிய வீட்டில் இது பெரிய தலைவலி.

அதனால் என் யோசனை ஜேர்சி-சாகிவால் கலப்பு. சின்ன உடம்பு உள்ள ஜேர்சி ஏற்கெனவே பிரீசியனைவிட வெயில் தாங்கும். இந்தக் கலப்பு புதுச் சங்கதியும் இல்லை. ஜமேக்காவில் ஜேர்சியோடு கொஞ்சம் சாகிவாலும் பிரீசியனும் சேர்த்து 'ஜமேக்கா ஹோப்' என்ற தனி இனத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் ஏஎஃப்எஸ் மாடு பிரீசியனும் சாகிவாலும் கலந்தது.

படி 5: ஊசியில் தொடங்குங்கள்

உங்களிடம் ஜேர்சி மாடு இருந்தால் புது மாட்டுக்குக் கடன் வாங்க வேண்டாம். பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் போய், அடுத்த சினை ஊசிக்கு சாகிவால் விந்து கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மாடு பருவத்துக்கு வந்த பிறகு கேட்டால், கையில் இருப்பதைத்தான் போட்டுவிட்டுப் போவார்கள்.

மாடு காலையில் கத்தி, மற்ற மாட்டின் மேல் ஏறினால் அன்று மாலை ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலை. தப்பிவிட்டால் ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டும். பிறக்கும் கலப்புக் கிடேரி வளர்ந்த பிறகு இன்னும் கவனம் தேவை. சாகிவால் வழியில் வந்த மாடுகளுக்குப் பருவம் குறுகிய நேரம்தான், பல சமயம் இரவில் வந்து போய்விடும். படுக்கப் போகுமுன் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை டோர்ச் அடித்து, வாலுக்குக் கீழே கண்ணாடி போல வழும்பு தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஊசி போட்ட திகதியையும் காளையின் இனத்தையும் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த தலைமுறையில் எதைக் கலப்பது என்று தெரிய வேறு வழியில்லை. பாதிக்குப் பாதி உள்ள கிடேரிக்கு மறுபடி ஜேர்சி போட்டால் கன்றில் சாகிவால் கால் பங்கு. பண்டாரவளைக்கு அது போதும் என்பது என் கணிப்பு. கண்டி, மாத்தளைக்குப் பாதியை ஒட்டியே வைத்திருப்பது நல்லது. பக்கத்து வீட்டுக் கலப்புக் காளையை மட்டும் விடாதீர்கள். முதல் கலப்பில் கிடைத்த வீரியம் அதில் இறங்கிவிடும்.

பொறுமையும் வேண்டும். சினை ஒன்பதரை மாதம், கிடேரி வளர்ந்து கன்று போட நல்ல தீனியோடும் இரண்டரை வருடம். இன்று ஊசி போட்டால் கலப்புப் பால் வர மூன்று வருடம் தாண்டும்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மாலை ஒரு கறவை, மறுநாள் காலை ஒரு கறவை, இரண்டையும் நேரில் பாருங்கள். கன்றைத் தள்ளிக் கட்டிவிட்டுக் கறந்து காட்டச் சொல்லுங்கள். கீழ்நாட்டிலிருந்து ஏற்றி வரும் மாடு என்றால் காதுக்குள், வாலடியில், மடிக்கும் தொடைக்கும் இடையில் விரலை விட்டு உண்ணி தேடுங்கள். அது நன்றாக இருப்பது போலத் தெரியும். ஆனால் அதன் மேல் வரும் உண்ணி, குளிரிலேயே வளர்ந்த உங்கள் பழைய மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சலைக் கொடுத்துவிடும். இரண்டு வாரம் தனியாகக் கட்டி, உண்ணி மருந்து போட்ட பிறகே கொட்டிலில் சேருங்கள்.