க்னூகேஷ் புது வெர்ஷன் வந்திருக்கிறது: இப்போதே மாற்றலாமா, காத்திருக்கலாமா?

வீட்டுக் கணக்கை க்னூகேஷ் என்கிற கணக்கு மென்பொருளில் எழுதுகிறவர்களுக்குச் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது வெளியீடு வந்துகொண்டே இருக்கும். இலவசம்தானே, போட்டுவிடலாம் என்று கை போகும். கொஞ்சம் பொறுங்கள். ஃபோனில் ஒரு செயலி கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஏழெட்டு வருஷத்து வரவு செலவு உள்ள கோப்பைப் புது வெர்ஷனில் ஒருமுறை சேமித்துவிட்டால் அது பழையதில் திறக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

ஹெல்ப் மெனுவில் அபவுட்டைச் சொடுக்கினால் உங்கள் வெர்ஷன் தெரியும். புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்தான் முக்கியம். 5.8இலிருந்து 5.10க்குப் போவது சின்ன மாற்றம், பெரும்பாலும் பிழைத்திருத்தங்கள். இரண்டு வாரம் விட்டுப் போட்டுக்கொள்ளலாம். 4இலிருந்து 5க்குப் போவது பெரியது. 3.0 வந்தது 2018இல், 4.0 2020இல், 5.0 2023இல். ஆக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் முடிவு இது, நிதானமாகவே எடுக்கலாம். 5.0 போலப் புள்ளி பூஜ்யத்தில் முடிகிற வெளியீட்டை நான் தொடுவதில்லை, அதற்குப் பின் இரண்டு மூன்று வந்து சேரட்டும் என்று விட்டுவிடுவேன். 4.900 என்பதுபோல் எண் இருந்தால் அது சோதனை வெளியீடு, சொந்தக் கணக்கை அதில் திறக்கவே கூடாது.

படி 2: மாற்றக் காரணம் இருக்கிறதா?

உங்களைத் தினம் தொல்லை செய்யும் ஒரு பிழை புது வெளியீட்டில் சரியாகியிருந்தால் அது காரணம். புதுக் கணினி வாங்கினாலோ இயங்குதளம் மாறினாலோ அதுவும் காரணம். உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: 22.04இல் இருந்தது க்னூகேஷ் 4.8, 24.04க்குப் போனால் 5.5 தானாகவே வந்துவிடும், நீங்கள் கேட்காமலேயே.

மியூச்சுவல் ஃபண்ட் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலை, வரவில்லை என்பதற்காகப் பலர் மாற்றுகிறார்கள். அதற்கு இது மருந்தில்லை. விலைகளை எடுத்து வருவது ஃபைனான்ஸ் கோட் என்கிற தனி நிரல். நம் ஊர் ஃபண்டுகளுக்கு அது ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி வெளியிடும் பட்டியலைப் படிக்கிறது. விலை தரும் தளம் எதையாவது மாற்றினால் அந்த நிரலை மட்டும் புதுப்பித்தால் போதும், கணக்கு மென்பொருளைத் தொட வேண்டாம்.

படி 3: எந்த மாதம்?

மார்ச் 31க்கு முன்னும் பின்னும் வேண்டாம். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31 வருமான வரிக் கெடு, அதுவரையும் வேண்டாம். ரிட்டர்ன் போட்டு முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பிடியுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எங்கள் வீட்டில் ஒரே கோப்பை இருவரும் பயன்படுத்துகிறோம். பால், மளிகை, சிலிண்டரை மனைவி டெஸ்க்டாப்பில் பதிவார், வங்கிக் கணக்கை நான் மடிக்கணினியில். ஒரு ஜூலைக் கடைசியில் மடிக்கணினியை மட்டும் 3க்கு மாற்றி, கோப்பைத் திறந்து சேமித்தும் விட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்தது 2.6 வரிசையின் பழைய வெளியீடு. மறுநாள் காலையில் அங்கே கோப்பு திறக்கவில்லை: இந்தக் கோப்பில் உள்ள சில வசதிகள் இந்த வெர்ஷனில் இல்லை, புதியதைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு செய்தி மட்டும் வந்து நின்றது. க்னூகேஷ் சேமிக்கும்போதெல்லாம் பழைய பிரதியை அதே ஃபோல்டரில் விட்டுவைக்கும், பெயருக்குப் பின்னால் ஆண்டு, மாதம், நாள், மணி எல்லாம் சேர்த்து 14 இலக்க எண் ஒட்டிக்கொண்டு. அதில் முந்தைய நாள் பிரதியைத் தேடித் திறந்து, விட்டுப்போன ஒன்பது பதிவுகளை மறுபடி போட்டோம். அந்தப் பிரதிகளும் நீங்கள் அமைப்பை மாற்றாவிட்டால் 30 நாளில் அழிந்துவிடும், அவற்றையே நம்பியிருக்காதீர்கள்.

அதனால் வீட்டில் இரண்டு கணினி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஒன்றையும் மாற்றாதீர்கள்.

படி 4: மாற்றுவதற்கு முன்

முதலில் ஆக்‌ஷன்ஸ் மெனுவில் உள்ள, பதிவுகளைச் சோதித்துச் சரிசெய்யும் செக் அண்ட் ரிப்பேரை எல்லாக் கணக்குகளுக்கும் ஓடவிடுங்கள். பிறகு நேற்றைய தேதி வைத்து டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்), ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) இரண்டையும் பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று ஏன் என்றால், மாதாமாதம் தானாக விழும் தவணைப் பதிவுகள் கோப்பைத் திறந்ததும் இன்றைய தேதியில் விழுந்து, ஒப்பிடும்போது குழப்பிவிடும்.

க்னூகேஷை மூடிவிட்டு, கோப்பைப் பென் டிரைவில் நகலெடுங்கள். நீங்கள் திருத்திச் சேமித்த அறிக்கைகள் கணக்குக் கோப்புக்குள் இருப்பதில்லை, பயனர் ஃபோல்டரில் தனியாக இருக்கின்றன; அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

படி 5: மாற்றி, ஒப்பிடுங்கள்

விண்டோஸில் புதியதை நிறுவினால் பழையது போய்விடும், ஆகவே பழைய வெர்ஷனின் நிறுவல் கோப்பு கையில் இருக்கட்டும். நிறுவியதும் அசலைத் திறக்காமல் நகலைத் திறந்து, அதே நேற்றைய தேதிக்கு அந்த இரண்டு அறிக்கைகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கி இருப்பும் கடன் பாக்கியும் பைசா சுத்தமாக டேலி ஆக வேண்டும். ஃபண்டு வரியில் மட்டும் வித்தியாசம் இருந்தால் பதறாதீர்கள், அறிக்கையின் ஆப்ஷன்ஸில் எந்த நாள் விலையை எடுக்கிறது என்று பாருங்கள், அப்புறம் யூனிட் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். யூனிட் சரியாக இருந்தால் பதிவு சரி, வித்தியாசம் விலையில்தான்.

ரொம்பப் பழைய வெர்ஷனில் இருந்தால், உதாரணமாக 2.6இல், நேரே 5க்குத் தாவ வேண்டாம். 3இன் கடைசி வெளியீடு, பிறகு 4இன் கடைசி வெளியீடு, அதன் பிறகு 5 என்று ஏறுங்கள். ஒவ்வொன்றிலும் திறந்து, சேமித்து, மூடுங்கள். ஒரு மாலை நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

எல்லாம் டேலி ஆனால் அசலைத் திறந்து வழக்கம்போல் எழுத ஆரம்பியுங்கள். பென் டிரைவில் உள்ள பிரதியையும் பழைய நிறுவல் கோப்பையும் அடுத்த மார்ச் 31 கணக்கு முடியும்வரை அழிக்காதீர்கள்.