அனுமதி மறுக்கும் சாம்பா சர்வர்: லாக்கில் காரணம் தேடும் முறை

ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் கோப்பு சர்வரைப் பல ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸில் ஓடும் சாம்பா அது; விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிர்ந்து தரும் மென்பொருள். மார்ச் கடைசி, கணக்கு முடிக்கும் நெருக்கடி. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ‘கணக்கு’ ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. பாஸ்வேர்டு சரி, மற்ற ஃபோல்டர்கள் திறக்கின்றன. அன்று முற்பகலில்தான் நானே அவரைக் கணக்குக் குழுவில் சேர்த்திருந்தேன்.

இந்த நேரத்தில் 777 அனுமதி, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடுக்கக் கை பரபரக்கும். தயவுசெய்து கொடுக்காதீர்கள். காரணம் தெரியாமலே போய்விடும், வாடிக்கையாளர்களின் கணக்கும் சர்வருக்குள் வரும் எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

சாம்பா தான் செய்வதை எழுதிவைக்கும் பதிவுதான் லாக். அதில் எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்ற நிலை 0 முதல் 10 வரை. அன்றாடத்துக்கு 1 போதும். பாஸ்வேர்டு, இணைப்புச் சிக்கல்களுக்குப் பெரும்பாலும் 3 போதும். 10 என்பது சாம்பாவை எழுதுபவர்களுக்கானது. அதை சர்வர் முழுவதற்கும் வைத்தால் வேகம் குறையும், தேடும் வரியும் குப்பையில் புதைந்துவிடும்.

முதலில் அமைப்புக் கோப்பில் இரண்டு மாற்றங்கள். லாக் கோப்பின் பெயரில் விழுக்காட்டுக் குறியையும் பெரிய ஆங்கில ‘ஐ’ எழுத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் தனி லாக் கிடைக்கும். லாக்கின் உச்ச அளவு இயல்பாக 5000 கிலோபைட். அதைத் தாண்டினால் கோப்பு ‘ஓல்டு’ என்று பெயர் மாறும், முந்தைய ‘ஓல்டு’ அழிந்துவிடும். நிலை 10-இல் அது சீக்கிரம் நிரம்பும். நான் 50000 ஆக்கிவிடுவேன். பிறகு அமைப்புக் கோப்பை மறுபடி படிக்க சாம்பாவிடம் சொல்லுங்கள்.

சாம்பா ஒவ்வொரு கணினிக்கும் தனி ப்ராசஸ் (ஓடும் நிரலின் தனிப் பிரதி) வைத்திருக்கிறது. ‘எஸ்எம்பி ஸ்டேட்டஸ்’ கட்டளையில் அதன் எண்ணைப் பார்த்து, ‘எஸ்எம்பி கண்ட்ரோல்’ கட்டளையால் அந்த ஒன்றுக்கு மட்டும் லாக் நிலையை 10 ஆக்குங்கள். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. பயனரை ஒரே ஒரு முறை ஃபோல்டரைத் திறக்கச் சொல்லி, நேரத்தை நொடியோடு குறித்துக்கொண்டு, உடனே 1-க்குத் திருப்புங்கள்.

லாக்கில் அந்த நொடிக்குப் போய் ‘ஆக்சஸ் டினைட்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ கிடைக்கவில்லை என்று வரும் வரிகளைக் கண்டு பயப்பட வேண்டாம், விண்டோஸ் வழக்கமாகத் தேடுவதுதான். மறுப்பு வரியிலிருந்து மேலே படியுங்கள். காரணம் அதற்கு முன்னால்தான் இருக்கும்.

எனக்கு அங்கே ‘யூனிக்ஸ் டோக்கன்’ என்ற பகுதி கிடைத்தது. சாம்பா அந்தப் பெண்ணை எந்தெந்தக் குழுக்களில் வைத்துப் பார்க்கிறது என்ற பட்டியல். கணக்குக் குழுவின் எண் 1005. பட்டியலில் அது இல்லை. அவர் காலை ஒன்பது மணிக்கே சர்வரில் உள்நுழைந்திருந்தார், நான் குழுவில் சேர்த்தது பதினொரு மணிக்கு. குழுக்களை சாம்பா உள்நுழையும்போதே முடிவு செய்துவிடுகிறது.

விண்டோஸிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையச் சொன்னேன். ஃபோல்டர் திறந்தது. எந்த அனுமதியையும் நான் தொடவில்லை.

லாக்கை யாரிடமாவது காட்டி உதவி கேட்பதானால், அதிலுள்ள பயனர் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் முதலில் மறைத்துவிடுங்கள்.