கையில் நரம்பு அறுந்தால்: தசைநாண் தையலும் அதன் பிறகான 12 வாரமும்

மீன் வெட்டும் கத்தி வழுக்கி விரலடியில் இறங்கினால், பாம்பன், மண்டபம் பக்கம் "நரம்பு அறுந்துபோச்சு" என்பார்கள். உண்மையில் அங்கே ஓடுவது இரண்டு. உணர்ச்சி தருவது நரம்பு. தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோய் விரலை மடக்குவது தசைநாண். ஒரே வெட்டில் இரண்டும் போகலாம். காயத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அரை அங்குல வெட்டுக்குள்ளும் தசைநாண் முழுதாக அறுந்திருக்கும். தோலை மட்டும் தைத்துக்கொண்டு வீடு திரும்புவதுதான் பெரிய தவறு.

சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். கயிறு கட்ட வேண்டாம். மஞ்சளும் காபித்தூளும் வேண்டாம். மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள். கடல்நீர் பட்ட காயம் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கடல் கிருமிகளுக்குக் கொடுக்கும் மருந்து வேறு. டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள்.

விரலின் நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மெல்ல மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி மடங்காவிட்டால் நுனியை மடக்கும் ஆழத்து நாண் அறுந்திருக்கலாம். மடங்கும்போது வலித்தால் பாதி அறுந்திருக்கக்கூடும்; மேலும் முயல வேண்டாம். நுனி மரத்திருந்தால் நரம்பும் வெட்டுப்பட்டிருக்கலாம்.

தையல் சில நாட்களுக்குள் நடப்பது நல்லது. தள்ளிப்போனால் தசை சுருங்கி, அறுந்த முனை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொள்ளும்; பிறகு வேறிடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டவைக்க நேரலாம். உள்ளே போன முனையைத் தேடித்தான் காயத்தை வளைத்து வளைத்துப் பெரிதாக்குகிறார்கள்; நேர்கோட்டுத் தழும்பு சுருங்கி விரலை மடக்கிவிடும். முனைகளுக்குள் 3-0 அல்லது 4-0 அளவு நூல் குறைந்தது நான்கு இழை ஓடவேண்டும், சுற்றிலும் 6-0 மெல்லிய நூல். விரலடியில் இரண்டு நாண்கள் ஒரே குழாயில் ஓடுவதால் தையல் தடித்தாலே சிக்கும். நாணை எலும்போடு பிடித்துவைக்கும் குழாயின் முக்கிய வளையங்களைக் காப்பாற்றாவிட்டால் நாண் வில்நாண்போலத் தூக்கிக்கொள்ளும்.

முன்கையிலிருந்து புறங்கை வழியே விரல்நுனி வரை கட்டு இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் மறுகையால் விரலை மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்கும். தொடங்காவிட்டால் நாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட் காட்டியதை மட்டும் செய்யுங்கள். வலி குறையும் இரண்டாம் வாரத்தில்தான் தையல் அதிகம் பிரியும். குளிக்கும்போதுகூடக் கட்டைக் கழற்றாதீர்கள், ஆறு வாரம்.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வலை இழுக்கும் வலு வர 84 நாள் ஆகும். தடைக்காலத்தின் தொடக்கத்தில் தைத்த கையானாலும் ஜூன் 15 அன்று வலை இழுக்கக் கூடாது.