குவார்ட்டர் கணக்கு: காலையில் தலை பிளக்காமல் இருக்க

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் குடிக்கப் போகிறவர்கள் பலருக்கும் மறுநாள் தலைவலியைக் கொடுப்பது அவசரம்தான். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி பாட்டிலை எடுத்துப் போக முடியாது, கடைசி பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். வாங்கியதை அரை மணியில் ஊற்றி முடிக்கிறார்கள். பிறகு சரக்கைத் திட்டுகிறார்கள்.

முதலில் கணக்கு. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவானாலும் லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியானால் 30 மில்லி ஸ்மாலில் சுமார் 10 கிராம் ஆல்கஹால், 180 மில்லி குவார்ட்டரில் 60 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ராத்திரி 10 மணிக்குக் குவார்ட்டரை அவசரமாக முடித்தவருக்கு அது இறங்கவே விடிந்துவிடும். காபி, குளியல், எலுமிச்சைச் சாறு எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. பீர்தானே என்று நினைக்க வேண்டாம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம் இருக்கிறது, அதாவது நாலு ஸ்மால்.

குடிப்பதற்கு முன் வயிறாரச் சாப்பிடுங்கள். சோறும் மீன் குழம்பும் போதும், நாலு இட்லியும் முட்டையும் போதும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் சரக்கு சிறுகுடலுக்கு மெதுவாக இறங்கும். ரத்தத்தில் சட்டென்று ஏறுவது அங்கேதான். ஊறுகாயும் மிக்சரும் சாப்பாடு ஆகாது. உப்பும் காரமும் தாகத்தைக் கிளப்பி அடுத்த மடக்கை இழுக்கும்.

கண் அளவில் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் கப்பில் 'ரெண்டு விரல்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியைக் கழுவிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி கோடு வரை மூன்று முறை ஊற்றினால் ஒரு ஸ்மால். அதில் 150 மில்லி தண்ணீர் கலந்து, ஒரு மணி நேரம் வைத்துக் குடியுங்கள். சோடா கலந்தால் பலருக்குச் சீக்கிரம் ஏறும். அடுத்ததற்கு முன் ஒரு டம்ளர் வெறும் தண்ணீர். பாதி கிளாஸில் யாராவது மேலே ஊற்ற வந்தால் கையால் மூடுங்கள், கணக்கு தவறுவது அந்த இடத்தில்தான். இரண்டு ஸ்மாலோடு எழுந்துவிடுவது நல்லது. படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. மறுநாள் அலுப்புக்கு அந்தக் கெட்ட தூக்கமும் ஒரு காரணம்.

உடம்பில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும், அதனால்தான் அடிக்கடி சிறுநீர் போகிறது. படுக்கும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். காலையில் உப்புப் போட்ட நீராகாரமோ இளநீரோ நல்லது. ஓஆர்எஸ் என்றால் பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில் கரையுங்கள். இவை வறட்சியைத்தான் தீர்க்கும், அதிகமாகக் குடித்ததை அல்ல. காலையில் ஒரு கட்டிங் போட்டால் தெளியும் என்பது தலைவலியைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவதுதான். அது இல்லாமல் கை நடுங்குகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

தலைவலிக்கு உடனே பாராசிட்டமால் போடாதீர்கள், ஈரலுக்கு இரட்டைச் சுமை. தூக்க மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அன்று சரக்கைத் தொடவே கூடாது; வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் சாப்பிடுபவர்கள் மாத்திரை முடிந்து மூன்று நாள் வரை தொடக் கூடாது.

பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம். குவார்ட்டர் போட்டவர் விடியற்காலையிலும் அதற்கு மேல் இருக்கலாம்.

சீல் இல்லாத பாட்டில், பாக்கெட் சாராயம் எதையும் தொடாதீர்கள். 2023 மே மாதம் மரக்காணத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களை வாங்கியது மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால். அது ஆரம்பத்தில் சாதாரணப் போதை போலவே இருக்கும். பல மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணில் பனி மூடியது போல மங்கல். கண் மங்கினால் தூங்கினால் சரியாகும் என்று படுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், ஜிப்மருக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள். எழுப்பியும் எழாதவரை மல்லாத்தாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையை அடைக்காமல் வெளியே வரும்.