கடலூரா, புதுச்சேரியா? மொழி ஆசிரியர் சங்கங்களைக் கூட்டமைப்பாக்கும் வழி

தமிழாசிரியர்களுக்கு ஒரு சங்கம், ஆங்கிலத்துக்கு ஒன்று, இந்தி, பிரெஞ்சு, தெலுங்கு என்று ஆளுக்கொன்று. இவற்றை ஒரு கூட்டமைப்பாகச் சேர்ப்பதற்கான செய்முறை இது. சங்கம் தொடங்குவது எப்படி என்பதற்குள் போகவில்லை. உங்கள் சங்கத்துக்கு மினிட்ஸ் புத்தகம், வங்கிக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் மூன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

முதலில் நோக்கத்தைப் பிரித்துவிடுங்கள்

இடமாறுதல், பதவி உயர்வு, ஊதியக் கோரிக்கை எல்லாம் பணிச் சங்கங்களின் வேலை. பாடத்திட்டம், பயிற்சிப் பட்டறை, தேர்வு வினாத்தாள் ஆய்வு போன்றவை கல்விச் சங்கத்தின் வேலை. இரண்டையும் ஒரே பைலாவில் (சங்கத்தின் எழுதப்பட்ட விதிகளில்) கலந்தால் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பொறுப்பேற்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. புதுச்சேரி அரசு ஊழியர்கள் மத்திய அரசின் 1964 நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். அதில் 15ஆம் விதிப்படி, எந்த அமைப்பிலும் தேர்தல் மூலம் வரும் பதவியை வகிக்க முன் அனுமதி வேண்டும். வேட்புமனு வாங்கும்போதே துறை அனுமதிக் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஜெயித்த பிறகு கடிதத்துக்கு அலைந்தால் ஆறு மாதம் செயலாளரே இல்லாமல் ஓடும்.

எந்தப் பக்கம் பதிவு?

கடலூர் சாலையில் எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் சட்டமே மாறிவிடும். கடலூரில் பதிந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. புதுச்சேரியில் பதிந்தால் 1860ஆம் ஆண்டின் பழைய மத்தியச் சட்டம். இரண்டிலும் குறைந்தது 7 பேர் கையெழுத்திட வேண்டும். ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு முடிந்தது.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னறிவிப்பு, வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. 1860 சட்டத்தில் நோக்கத்தை மாற்ற ஐந்தில் மூன்று பங்கு போதும். ஆனால் 10 நாள் முன்னறிவிப்போடு ஒரு கூட்டம், ஒரு மாதம் கழித்து அதை உறுதிசெய்ய இன்னொரு கூட்டம் என்று இரண்டு முறை கூட வேண்டும். பதவிக்காலத்தைப் பற்றி அந்தச் சட்டம் வாய் திறப்பதில்லை. நீங்கள்தான் பைலாவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பரிந்துரை: உறுப்புச் சங்கங்களில் பெரும்பாலானவை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே பதியுங்கள். இன்னொரு பக்கம் அலுவலகக் கெடுபிடி குறைவு என்று யாரோ சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள். சட்டத்தைப் பொறுத்து வாக்குக் கணக்கே மாறிவிடும். அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போகிறோம். பலர் தடுக்கி விழும் இடமும் அதுதான்.

வாக்குக் கணக்கு: இங்கே நிதானம்

சங்கத்துக்கு ஒரு வாக்கு என்றால் 18 பேர் உள்ள தெலுங்குச் சங்கமும் 420 பேர் உள்ள தமிழ்ச் சங்கமும் சமம். பெரிய சங்கம் ஒப்பாது. தலைக்கு ஒரு வாக்கு என்றால் சின்னச் சங்கங்கள் வந்து உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் எல்லாரும் நடுவழியைப் பிடிப்பார்கள்: அடிப்படையாக 1, ஒவ்வொரு 50 உறுப்பினருக்கும் கூடுதலாக 1, உச்சவரம்பு 4.

ஒரு மாதிரிக் கணக்கு. தமிழ் 420, ஆங்கிலம் 180, இந்தி 60, பிரெஞ்சு 35, தெலுங்கு 18. மேற்படி சூத்திரத்தில் தமிழுக்கு 4, ஆங்கிலத்துக்கு 4, இந்திக்கு 2, பிரெஞ்சுக்கு 1, தெலுங்குக்கு 1. மொத்தம் 12. எல்லாரும் வந்திருந்தால் கடலூர்ப் பதிவில் திருத்தத்துக்கு 9 வேண்டும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தாலும் 8தான், இன்னொரு சங்கம் சம்மதிக்க வேண்டும். புதுச்சேரிப் பதிவில் ஐந்தில் மூன்று என்பது 7.2, அதாவது 8. இரண்டு பெரிய சங்கங்களும் கை கோத்தால் மற்ற மூன்றையும் கேட்காமலே கூட்டமைப்பின் நோக்கத்தை மாற்றிவிடலாம்.

உச்சவரம்பை 3 ஆக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. அப்போது மொத்தம் 10, தேவை 6, இரண்டு பெரிய சங்கங்களுக்கும் சேர்ந்து சரியாக 6.

அடிப்படையை 2 ஆக்கி, ஒவ்வொரு 100 பேருக்கும் கூடுதலாக 1, உச்சவரம்பு 4 என்று வையுங்கள். தமிழ் 4, ஆங்கிலம் 3, மற்ற மூன்றுக்கும் தலா 2. மொத்தம் 13, தேவை 8. பெரிய இரண்டும் சேர்ந்து 7தான். புதுச்சேரிக்கு இது பொருந்தும். இதையே கடலூரில் வைத்தால் தேவை 10. தமிழ்ச் சங்கம் தன் 4 பேரை மட்டும் எதிர்ப்பில் நிறுத்தினாலே மீதி 9தான், தீர்மானம் விழும். ஆக ஒரு சூத்திரத்தை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்ட வேண்டாம். உங்கள் எண்களைப் போட்டு, உங்கள் சட்டத்தோடு கூட்டிப் பாருங்கள்.

பைலாவில் ‘சங்கத்துக்கு 4 வாக்கு’ என்று எழுதாதீர்கள். ‘சங்கத்துக்கு 4 பேராளர்’ என்று எழுதி, அந்த நால்வரையும் கூட்டமைப்பின் உறுப்பினர் பதிவேட்டில் பெயரோடு ஏற்றுங்கள். சட்டம் எண்ணுவது உறுப்பினர்களைத்தான். ஒருவர் கையைத் தூக்கி நான்கு என்று சொன்னால் பின்னால் வழக்குக்கு வாசல் திறந்துவிட்டதாகும்.

போலி எண்ணிக்கையைத் தடுப்பது

பேராளர் எண்ணிக்கை உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றதும் பட்டியல் திடீரென்று வீங்கும். ஓய்வுபெற்றவர், வெளியூர் போனவர், ஒருவேளை காலமானவர்கூட அதில் இருப்பார். பட்டியலைச் சரிபார்க்கக் குழு போடுவதெல்லாம் வெட்டி வேலை, மனக்கசப்புதான் மிஞ்சும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஆண்டுக்கு 20 ரூபாய் கூட்டமைப்புக்குக் கட்ட வேண்டும், மார்ச் 31 அன்று கணக்கில் வந்து சேர்ந்த தொகையை 20ஆல் வகுத்தால் வருவதே உறுப்பினர் எண்ணிக்கை என்று விதி எழுதுங்கள். வீங்கிய பட்டியல் தானாக வடியும். 1860 சட்டத்தின் 15ஆம் பிரிவும் இதற்குத் துணை நிற்கிறது: சந்தா மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தவருக்கு வாக்கும் இல்லை, அவர் உறுப்பினர் எண்ணிக்கையில் சேரவும் மாட்டார்.

பணம்

கூட்டமைப்பின் பெயரில் பான் அட்டை, சேமிப்புக் கணக்கு. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து, அதில் ஒருவர் பொருளாளராகவே இருக்க வேண்டும். தலைவரும் பொருளாளரும் ஒரே சங்கத்தவராக இருக்கக்கூடாது. பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணில் சந்தா வாங்கும் பழக்கத்துக்கு முதல் நாளே முற்றுப்புள்ளி வையுங்கள். கணக்குக்கு டேலி மென்பொருள் எதற்கு? எக்செல் தாள் ஒன்றும் ரசீதுப் புத்தகம் ஒன்றும் போதும்.

கூட்டமும் ஆவணமும்

அறிவிப்பை வாட்ஸாப்பில் போட்டால் போதும் என்பார்கள். போடுங்கள், ஆனால் ஒவ்வொரு சங்கச் செயலாளருக்கும் விரைவு அஞ்சலிலும் அனுப்பி ரசீதை மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டுங்கள். 21 நாள், 10 நாள் கணக்குக்கு நாளை அதுதான் சாட்சி. மினிட்ஸ் புத்தகம் பக்க எண் அச்சிட்ட, தைத்த புத்தகமாக இருக்கட்டும். உதிரித்தாள் கோப்பு வேண்டவே வேண்டாம்.

தட்டச்சு மையத்தில் பைலாவை வானவில் எழுத்துருவில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பிரெஞ்சுப் பெயர்களும் தெலுங்கு வரிகளும் அதோடு சேராது, இன்னொரு கணினியில் திறந்தால் தமிழே கிறுக்கலாக வரும். யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள்.

தேதி விஷயத்தில், தமிழ்நாட்டில் ஏப்ரல் விடைத்தாள் திருத்தும் முகாம் காலம், பக்கமே போகாதீர்கள். ஜூலை அல்லது ஆகஸ்ட் ஞாயிறு தோது. மார்ச் 31 கணக்கைத் தணிக்கை செய்து செப்டம்பருக்குள் தாக்கலும் முடிந்துவிட்டால் தலைவலி இல்லை.

இடைக்குறிப்பு: புதுச்சேரியின் பகுதிகளான மாஹே, ஏனாம் ஆசிரியர்களைச் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் ஒன்று கேரளக் கரையில், இன்னொன்று ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம். நேரில் வந்தால்தான் கோரத்தில் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகையில்) எண்ணுவோம் என்றால் வருடம் முழுக்க அவர்கள் வராதவர்களே. காணொலி வழிக் கலந்துகொள்வதைப் பைலாவிலேயே அனுமதியுங்கள், ரகசிய வாக்கெடுப்புக்கு மட்டும் நேரில் வருவதைக் கட்டாயமாக்கலாம்.

தேர்தல் முடிந்தபின்

புதிய நிர்வாகிகள் பட்டியலைத் தமிழ்நாட்டில் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் 1860 சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 14 நாளுக்குள் நிர்வாகக் குழுப் பட்டியல் போக வேண்டும். தேர்தலில் தகராறு வந்து இரு தரப்பும் தனித்தனிப் பட்டியலைக் கொடுத்தால் யார் உண்மையான நிர்வாகி என்று பதிவாளர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அதற்குள் வங்கி கணக்கை முடக்கிவிடும்.

இந்த வம்பு பெரும்பாலும் கூட்டமைப்பில் தொடங்குவதில்லை. உறுப்புச் சங்கம் ஒன்று இரண்டாக உடைந்து, இரு அணியும் பேராளர் பட்டியலோடு மண்டப வாசலில் நிற்கும்போது தொடங்கும். அதற்கும் பைலாவில் ஒரு விதி வேண்டும்: தகராறு எழுமுன் கடைசியாக வந்த பட்டியலில் உள்ளவர்கள் பார்வையாளர்களாக உட்காரலாம், தீர்வு வரும்வரை அந்தச் சங்கத்துக்கு வாக்கு இல்லை, கோரத்திலும் அவர்களை எண்ணக்கூடாது. கடைசி வரியை விட்டுவிட்டால் ஓர் அணி வெளிநடப்புச் செய்தே பொதுக்குழுவை நடக்கவிடாமல் செய்துவிடும்.