படம் பிடிக்கவில்லையா? எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்

"படம் எப்படி?" என்று கேட்டால் வருகிற பதில்களில் பாதி ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ஒன்று "செம", இல்லையென்றால் "மொக்கை". கேட்டவர் மும்பைச் செம்பூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பலாமா என்று யோசிப்பவராக இருப்பார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

"செகண்ட் ஹாஃப் லேக்" என்பதும் அதே கதைதான். எங்கே இழுத்தது என்று சொல்ல வேண்டாமா? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இடைவேளை வரை நாயகன் காணாமல் போன தங்கையைத் தேடுகிறான். அப்புறம் வில்லனின் பழைய கதை அரை மணி நேரம் ஓடுகிறது. அது முடிவதற்குள் தங்கை என்ன ஆனாள் என்ற தவிப்பே நமக்கு விட்டுப்போகிறது." கேட்பவர் உடனே முடிவெடுத்துவிடுவார். வில்லனின் முன்கதையை ரசிப்பவர் என்றால், நீங்கள் சொன்ன குறையே அவரைத் தியேட்டருக்கு அனுப்பிவிடும். அப்படி அனுப்பினால்தான் அது உருப்படியான கருத்து என்பேன். உங்கள் ரசனையோடு ஒத்துப்போகாதவருக்கும் அது உதவுகிறது. பிடித்த படத்துக்கும் இதே விதிதான். "வேற லெவல்" என்பதை விட்டுவிட்டு, இன்னும் கண்ணுக்குள் நிற்கிற ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள், போதும்.

மும்பையில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வீட்டில் அப்பா தமிழில் பார்த்திருப்பார், பிள்ளைகள் இந்தி டப்பிங்கில் பார்த்திருப்பார்கள், மருமகள் சப்டைட்டிலோடு பார்த்திருப்பாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து "வசனம் சப்பை" என்றும் "இல்லை, பிரமாதம்" என்றும் சண்டை போடுவார்கள். அவர்கள் கேட்டது ஒரே வசனமே இல்லை. தாராவித் தமிழர்களில் நிறையப் பேர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள். ஒரு பாத்திரம் "ஏல, என்னல இப்பிடிப் பண்ணிட்ட" என்றதும் அவர்களுக்கு அந்த ஆளின் ஊரும் உறவும் தெரிந்துவிடும். இந்தியில் அது எல்லோரும் பேசுகிற ஒரே இந்தி ஆகிவிடுகிறது. அதனால் எந்த மொழியில் பார்த்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ரீமேக்கைப் பார்த்துவிட்டு மூலப் படத்தை எடைபோடுவது இதைவிடப் பெரிய தவறு. 1987-இல் வந்த 'நாயகன்' வேறு, அதை வைத்து அடுத்த ஆண்டு இந்தியில் எடுத்த 'தயாவான்' வேறு.

'நாயகன்' என்றதும் இன்னொன்று. "எங்க தாராவி இப்படியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு ஒரு படத்தையே தள்ளிவிடுவது நம்மவர்களிடம் சகஜம். 'நாயகன்' படத்தின் தாராவி, கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் போட்ட செட். அதற்குத்தான் கலை இயக்கத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சந்து, குழாயடி, பேச்சு இவற்றில் பிழை தெரிந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், அதைச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? ஆனால் அது ஒரு குறை மட்டும்தான். அதையே முழுத் தீர்ப்பாக்கிவிடாதீர்கள்.

சத்தத்தில் நடக்கிற அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வசனம் கேட்கவில்லை என்றதும் பழி இசையமைப்பாளர் மேல்தான் விழுகிறது. பாட்டும் பின்னணி இசையும் அவருடையவை. அவற்றை வசனத்தோடும் மற்ற ஒலிகளோடும் அளவாகச் சேர்ப்பவர் வேறொருவர். அதற்கப்புறம் தியேட்டர்காரர் வைக்கிற வால்யூம் இருக்கிறது. தியேட்டரில் ஒலி அளவை வைக்கும் டால்பி கருவியில் 7 என்பது நிர்ணயித்த அளவு, ஆனால் பல தியேட்டர்களில் அதைவிடக் குறைத்தே வைக்கிறார்கள். 2024-இல் 'கங்குவா' வந்தபோது இரைச்சல் என்று புகார் கிளம்பி, வால்யூமை 2 புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்களுக்குத் தயாரிப்பாளரே சொன்னார். எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

"இங்கே ஓடவே இல்லை, அப்போ படம் சரியில்லை" என்பதும் கணக்குத் தப்பு. 2023-இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பைப் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் திரையிடவில்லை. எட்டு வாரம் கழித்துத்தான் ஓ.டி.டி.க்குப் போக வேண்டும் என்பது இந்திப் படங்களுக்கு அவர்கள் வைத்த நிபந்தனை, லியோவுக்கோ நாலு வார ஒப்பந்தம். படத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வசூலைத் தரத்தோடு குழப்பினால் 2003-இல் தோற்ற 'அன்பே சிவம்' போன்ற படத்தை இன்று ஏன் கொண்டாடுகிறார்கள் என்றே புரியாது.

மாட்டுங்கா அரோராவில் ரஜினி படத்தின் முதல் காட்சி ஒரு திருவிழா. விசிலும் ஆட்டமுமாக அனுபவிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கூச்சலில் வசனம் பாதி காதில் விழாது. எழுத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.

தொடர்களுக்கு வருவோம். "சீரிஸ் போர்" என்று எட்டு எபிசோடையும் சேர்த்துச் சொல்வதுதான் இங்கே பெரிய தவறு. 'சுழல்' முதல் சீசனை எழுதியது புஷ்கர்–காயத்ரி, இயக்கியது பிரம்மா, அனுசரண் என்று இரண்டு பேர். இப்படிப்பட்ட தொடரில் ஓர் எபிசோடின் வேகம் மாறினால் டைட்டிலில் பெயரைப் பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கலாம். நாலாவதோடு நிறுத்திவிட்டீர்களா? தப்பில்லை, அதையும் சொல்லிவிடுங்கள். மர்மக் கதை என்றால் முதல் இரண்டு எபிசோடில் நடப்பதை மட்டும் வைத்துப் பேசுங்கள், கொலையாளி யார் என்பதைப் பார்க்கப்போகிறவர் தானே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.